கரைக்கூட்டம்

கல்யாணமாகி வந்த பிறகுதான், தன் புருஷன் பந்து விளையாடுகிறவன் என்று செவ்வந்திக்குத் தெரிந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் அதைச் சொல்லவில்லை. நல்ல உழவுக்காரன், குடிக்க மாட்டான், கோபம் வராது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். வந்த முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோவிந்தராசு கால் பெருவிரல் நகம் பெயர்ந்து நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"மாடு மிதிச்சிருச்சா?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

"மாடு இல்ல புள்ள. பாபநாசத்து பேக்கு" என்றான்.

பேக்கு என்பது என்ன மிருகம் என்று அவளுக்கு விளங்கவில்லை. மஞ்சளை இழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டே அதைக் கேட்டபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, இது கோல் காக்கிற கோலி, இது எதிராளியைத் தடுக்கிற பேக்கு, இது சென்டர் ஃபார்வர்டு, இந்த ஓரத்தில் தனியாக நிற்கிறதே இதுதான் லெஃப்ட் அவுட், அதாவது நான் என்று காட்டினான்.

"ஏன் ஒங்கள மட்டும் ஓரத்துல நிக்க வெச்சிருக்காங்க?"

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அந்த எடத்துலதான் ஓட்டம் ஜாஸ்தி" என்றான்.

நீடாமங்கலம் ரயிலடிக்குப் பின்னால் ஆற்றை ஒட்டிக் கிடந்தது மைதானம். மேற்குப் பக்கம் கீற்றுப் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். மிராசுதார்கள், வக்கீல், டாக்டர், புதிதாகப் பதவிக்கு வந்த கட்சிக்காரர்கள் எல்லாரும் அங்கே. அதற்குப் பின்னால் பெஞ்சுகள், கடைக்காரர்களுக்கும் வாத்தியார்களுக்கும். கிழக்கே ஆற்றங்கரை. கரைக்கு டிக்கெட் கிடையாது. உழுகிறவனும் வண்டிக்காரனும் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவனும் அங்கேதான் நிற்பார்கள். மைக்கில் பேசுகிறவர் பந்தலைப் பார்த்து, "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே" என்பார். கரையைப் பார்த்து, "கரையில் நிற்பவர்கள் கூச்சல் போடாமல் அமைதி காக்கவும்" என்பார். அமைதி காக்கிற கூட்டமா அது? தப்பு அடித்து, துண்டைச் சுழற்றி, தொண்டை கிழியக் கத்தி, தோற்கப்போகிற ஆட்டத்தைக்கூட இழுத்துப் பிடித்து நிறுத்துகிற கூட்டம். எதிராளி நல்லதாக ஒன்று அடித்துவிட்டாலும், "அடிச்சான் பாரு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். அப்புறம்தான் அது நம் கோல் இல்லையே என்று ஞாபகம் வரும்.

இதெல்லாம் கோவிந்தராசு சொல்லி அவளுக்குத் தெரிந்ததுதான். தெருப் பெண்கள் யாரும் பந்தாட்டம் பார்க்கப் போகிறதில்லை. அவளுக்கும் போகத் தோன்றியதில்லை. அவன் ஜெயித்து வருகிற நாட்களில் ஒரு இலைப் பொட்டலம் கொண்டு வருவான். பிரிக்காமல் அப்படியே அவள் கையில் கொடுப்பான். சாம்பார் சாதம், வடை, சமயத்தில் ஒரு லட்டும் இருக்கும். "ஒனக்குன்னுதான் திங்காம கொண்டாந்தேன்" என்பான். அவளும் பூரித்துப் போவாள். மற்ற ஆட்டக்காரர்களுக்கெல்லாம் ஓட்டலில் இலை போட்டு விருந்து நடக்கிறது, இவன் ஒருவனுக்குத்தான் வாசலில் பொட்டலம் என்று அவளுக்கு யாரோ சொல்லித் தெரிய வெகுநாள் ஆயிற்று. தெரிந்த பிறகும் அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவனுக்கும் ஒரு வாய் ஊட்டினாள், அவ்வளவுதான்.

மகள் பிறந்த அந்த வருஷம் தை அறுவடையில் எல்லாம் மாறிப் போயிற்று.

புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பதினைந்து ஏக்கருக்கு மேல் யாருக்கும் நிலம் கிடையாது என்றும், குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்றும் சுவருக்குச் சுவர் எழுதியிருந்தது. சுவரில் எழுதியது வயலுக்குள் இன்னும் இறங்கவில்லை. பெரிய பண்ணையில் தெருக்காரர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள், பண்ணை மறுத்தது. பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள். தெரு மொத்தமும் வரப்பில் போய் நின்றது. முன்வரிசையில் விவசாயச் சங்கத்தின் செங்கொடி பிடித்து நின்றவன் கோவிந்தராசு. போலீஸ் வந்து, பேச்சுவார்த்தை வந்து, கேட்டதில் பாதி கிடைத்தது. கிடைத்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்ட அன்றைக்கு மறுநாள், பந்தாட்டக் கமிட்டியிலிருந்து ஒருத்தன் வந்து வாசலில் நின்றான்.

"பனியன வாங்கிட்டு வரச் சொன்னாரு செயலாளரு."

கோவிந்தராசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். செவ்வந்திதான் உள்ளே போய், துவைத்து மடித்து வைத்திருந்த மஞ்சள் பனியனை எடுத்துவந்து கொடுத்தாள். வந்தவன் அதை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு போனான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வீட்டில் ஒரு இழவு விழுந்த மாதிரி இருக்கும். ஆட்டம் நடக்கிற நேரத்தில் காற்று இந்தப் பக்கம் வீசினால் கரைக்கூட்டத்தின் சத்தம் தெருவரை கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே கோவிந்தராசு, "கார்னர்" என்பான். கொஞ்சம் கழித்து, "போச்சு, வெளிய அடிச்சுட்டான்" என்பான். தட்டில் சோறு அப்படியே ஆறிக் கிடக்கும்.

சித்திரை பிறந்து, ஆறு வறண்டு, வயல் வெடித்துக் கிடந்த கோடையில் கோப்பைக்கான போட்டி நடந்தது. ஊர் அணி அரை இறுதிக்கு வந்துவிட்டது. எதிரே நாகப்பட்டினத்து மீனவர் அணி. அன்று மத்தியானம் ஸ்டேஷன் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் யூனுஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"கோவிந்தராசு, கெளம்பு. நாகப்பட்டினத்துப் பசங்கள்ல ஒருத்தன் ரயிலை விட்டு எறங்கினதும் வாந்தி எடுத்து மயங்கிட்டான். வெயில் தாங்கல. ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். லெஃப்ட் அவுட்டுக்கு ஆள் இல்ல. வெளி ஆள் ஒருத்தரப் போட்டுக்கலாம்னு விதி இருக்காம். நாந்தான் ஒன் பேரச் சொன்னேன்."

கோவிந்தராசு எழுந்து நின்றவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"நம்ம ஊருக்கு எதிரா எப்படி பாய்?"

"ஊருதானே ஒன்கிட்டேர்ந்து பனியனக் கேட்டு வாங்கிச்சு?"

"ஊரு இல்ல பாய். செயலாளரு. தியாகராசு தம்பிகூட வருத்தப்பட்டுச்சுன்னு சொன்னாங்க."

தியாகராசன் பெரிய பண்ணையின் மகன். ஊர் அணிக்குக் கேப்டன். நல்ல ஆட்டக்காரன். கோவிந்தராசு தட்டிக் கொடுக்கிற பந்துக்காகவே கண்ணை வைத்துக் காத்திருப்பான் என்று பேர்.

யூனுஸ் செவ்வந்தியைப் பார்த்தார். கோவிந்தராசும் பார்த்தான். இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை தமிழரசியை மறுபக்கம் மாற்றிக்கொண்டு அவள் சொன்னாள்:

"போங்க. இத்தன நாளா சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. பந்து வெளையாடத்தானே கூப்புடுறாங்க?"

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள்வரை போனான். பிறகு திரும்பி வந்தான்.

"நீயும் வர்றியா?"

"நானா? பொம்பளைங்க யாரு வருவா அங்க?"

"கரையில நிக்கலாம். இன்னிக்கு எல்லாரும் திட்டுவாங்க புள்ள. ஒருத்தராவது..." என்று இழுத்துவிட்டு, முடிக்காமலே போய் சைக்கிளில் ஏறிக்கொண்டான்.

பக்கத்து வீட்டு அம்சத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, செவ்வந்தி வறண்ட ஆற்று மணலில் இறங்கி நடந்து கரை ஏறியபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. அம்சத்தின் புருஷன் வீரையன்தான் கரைக்கூட்டத்தின் தொண்டை. அவன் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் கரை முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும். அன்றைக்கு அவன் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பேசாமல் நின்றான். தப்புக்காரர்களும் அடிக்கவில்லை. மைதானத்தில் ஊர்ப் பிள்ளைகள் மஞ்சள் பனியன் போட்டு, தஞ்சாவூரில் வாங்கிய பூட்சுகளோடு ஓடினார்கள். எதிரே நீலப் பனியன்கள், வெறுங்கால்கள். அந்த நீலத்துக்குள் கோவிந்தராசு.

முதன்முதலாக அவன் ஓடுவதை அவள் பார்த்தாள். நடவு வயலில் சேற்றை மிதித்து நிதானமாக நடக்கிற அதே மனுஷனா என்று இருந்தது. பந்து காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தனைப் பார்த்து நின்றான். அவன் ஏமாந்து ஒரு பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் போய்விட்டான்.

கரையின் ஒரு மூலையில் மட்டும் சத்தம் குறையாமல் இருந்தது. கண்டாங்கிச் சேலையும் வெற்றிலை வாயுமாக மீனவப் பெண்கள் ஒரு கூட்டம். நடுவில் கனத்த உடம்பும் கனத்த குரலுமாக ஒருத்தி நின்று, "சிங்காரவேலு! டேய் சிங்காரவேலு! முன்னால போடா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். செவ்வந்தியைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வா தங்கச்சி, இப்படி நில்லு. எம்பேரு நாகம்மா. அந்த நீலச் சட்ட நடுவுல ஓடுறான் பாரு, அவன் எம்புள்ள. பெஞ்சுல ஒக்காரலாம்னுதான் மொதல்ல போனோம். மீனு நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டாங்க. சரிதான் போங்கடான்னு இங்க வந்துட்டோம். காத்தாவது வருது. நீ யாரப் பாக்க வந்த?"

செவ்வந்தி மோவாயால் இடது ஓரத்தைக் காட்டினாள்.

"ஓ, புதுசா வந்த தம்பியா? ஒன் வீட்டுக்காரரா? என்னா ஓட்டம் ஓடுது! பேரு என்னா?"

செவ்வந்தி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அம்சத்தைப் பார்த்தாள். அம்சம் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

"தமிழரசி அப்பா" என்றாள் செவ்வந்தி.

"அது ஒங்க ஊட்டுக்கு. நான் எப்படிக் கூப்புடுறது? தமிழரசி அப்பா, பந்த அடிங்கன்னா? அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்து காவேரிக்குப் போயிரும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்சம்தான் நாகம்மாளின் காதில் பேரைச் சொன்னாள்.

ஆனால் அந்தப் பேர் அதற்குள் எதிர்ப்பக்கம் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பந்தலில் வெள்ளை வேட்டியும் சோடா பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தவர்கள், எப்போதும் விசிறியால் கையைத் தட்டிப் பாராட்டுகிறவர்கள், கோவிந்தராசுவிடம் பந்து போகும்போதெல்லாம் எழுந்து நின்றார்கள். "டேய் கோவிந்தா! எவன் சோத்தத் தின்னுட்டு எவனுக்குடா ஓடுற?" என்று ஒருவர் கத்தினார். "கொடி புடிச்சாச்சு, இப்ப கட்சி மாறியாச்சு!" என்றார் இன்னொருவர். பெஞ்சிலிருந்து வந்த சொற்கள் இன்னும் மோசமாக இருந்தன. அவன் பிறந்த தெருவையும் அவன் தாயையும் சேர்த்து வந்தன. மைக்குக்காரர் அமைதி காக்கச் சொல்லவில்லை.

ஊர் அணி ஒரு கோல் போட்டது. பந்தல் ஆர்ப்பரித்தது. கரையிலும் பழக்க தோஷத்தில் கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். தட்டிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கீழே போட்டார்கள்.

ஹாஃப் டைம் விசில் அடித்ததும் கரையில் பேச்சு மூண்டது. வீரையனைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"நம்ம ஊரு தோக்கணும்னு நாமளே கத்துறதா? காலம் பூரா இந்த மஞ்சப் பனியனுக்குத்தானே தொண்ட கிழியக் கத்துனோம்?"

"அப்ப கோவிந்தராசு யாரு? நமக்கோசரம் கொடி புடிச்சவன்தானே? அதுக்காகத்தானே தூக்குனாங்க?"

"அது வேற, இது வேறப்பா. பந்துல கொடியக் கொண்டாந்து கலக்காத."

"நாமளா கலந்தோம்? அவனுங்கதானே கலந்தானுங்க?"

வீரையன் தலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் புடிபடலப்பா. எம்மனசு ரெண்டு பக்கமும் ஓடுது" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததைச் செவ்வந்தி பார்த்தாள். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வேறொன்றும் இல்லாத ஜனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த மஞ்சள் பனியன்தான் இருந்தது. அதை விட்டுவிடு என்றால் எப்படி விடுவார்கள்?

மைதானத்தின் ஓரத்தில் கோவிந்தராசு தனியாகக் குந்தியிருந்தான். சிங்காரவேலு தண்ணீர்ச் செம்பைத் தான் குடித்துவிட்டு அப்படியே அவனிடம் நீட்டினான். கோவிந்தராசு அதை வாங்கி ஒரு கணம் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு வாய் வைத்துக் குடித்தான்.

இரண்டாவது பாதி தொடங்கியது. கோவிந்தராசு கரையை ஒட்டிய பக்கமாகப் பந்தைக் கொண்டுவந்தான். ஊர் அணியின் பேக்கு பந்தைப் பார்க்கவே இல்லை. பூட்சோடு அவன் பாதத்தின் மேல் ஏறினான். கோவிந்தராசு மடங்கி விழுந்தான். பந்தலிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. "மிதிடா! நல்லா மிதி! கோவிந்தா, எழுந்திரிடா, நடிக்காத!"

அவன் கையை ஊன்றி எழப் பார்த்தான். முடியவில்லை. ரெஃப்ரி மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வந்தி குழந்தையை நாகம்மாள் கையில் கொடுத்தது அவளுக்கே தெரியாது. கரைச் சரிவில் இறங்கி, கயிறு கட்டியிருந்த இடம்வரை போய்விட்டாள். அவள் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. நடவுப்பாட்டுக்கு எடுக்கிற குரல் அல்ல, யாரையும் திட்டுகிற குரலும் அல்ல.

"கோவிந்தராசு!"

கரையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோவிந்தராசு! எந்திரிங்க! கோவிந்தராசு!"

அம்சம் "ஐயையோ" என்று மார்பில் கை வைத்தாள். விழுந்து கிடந்தவன் தலையைத் தூக்கினான். அந்தப் பேரை அந்தக் குரலில் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. யார் கூப்பிட்டது என்று முதலில் புரியாமல் கரையைத் தேடினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கோவிந்தராசு!" என்று நாகம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எடுத்தாள். மீனவப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் வீரையன் கழுத்துத் துண்டை உருவினான். தலைக்கு மேலே சுழற்றினான். அவன் தொண்டை திறந்துகொண்டது.

"கோவிந்த..."

"ராசு!" என்றது கரை.

"கோவிந்த..."

"ராசு!"

தப்புகள் பிடித்துக்கொண்டன. மைக்குக்காரர், "கரையில் இருக்கும் பெண்கள் அமைதி காக்கவும்" என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. கோவிந்தராசு எழுந்து, வலது காலை உதறி, நொண்டிக்கொண்டே இரண்டடி வைத்து, அப்புறம் ஓடினான்.

அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று பிற்பாடு கரைக்கூட்டத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். செவ்வந்தி பார்த்தது இவ்வளவுதான்: மூலைக் கொடிக்குப் பக்கத்திலிருந்து அவன் இடது காலால் பந்தைத் தூக்கிக் கொடுத்தான். அது எல்லார் தலைக்கும் மேலே போய், கீழே இறங்கலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றது. சிங்காரவேலு எகிறி நெற்றியால் முட்டினான். வலை குலுங்கியது. நாகம்மாள், "நீலாயதாட்சி! தாயே!" என்று அலறி, கையிலிருந்த குழந்தையின் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அந்தச் சத்தத்திலும் எழுந்திராமல் தூங்கினாள் தமிழரசி.

ஆனால் ஜெயித்தது ஊர் அணிதான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் தியாகராசன் நடுவிலிருந்து தனியாகப் பந்தைக் கொண்டுபோய், இரண்டு பேரைத் தாண்டி, கோலி பாய்ந்தும் எட்டாத மூலையில் அடித்தான். அவ்வளவு அழகான கோல். கரைக்கூட்டத்தால் பொறுக்க முடியவில்லை. "அடிச்சான் பாரு!" என்று வீரையன் முதல் ஆளாகக் கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நாகம்மாள் அவனை முறைத்தாள். பிறகு, "என்னா மொறைக்கிறது, நல்லாத்தான்யா அடிச்சான்" என்று அவளே சொன்னாள்.

விசில் அடித்ததும் பந்தலில் மாலைகள் தயாராயின. ஒன்றியத் தலைவர் பேச எழுந்தார். தியாகராசன் அங்கே போகாமல் மைதானத்தைக் குறுக்கே கடந்து கரைப்பக்கம் வந்தான். கோவிந்தராசு உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் எழப் பார்த்தான்.

"எழுந்திரிக்காதீங்க" என்று தியாகராசன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். 'நீங்க' என்று அவன் சொன்னதை அங்கிருந்த எல்லாரும் கவனித்தார்கள். "கால் எப்படி இருக்கு?"

"பரவால்லீங்க தம்பி."

"அவன் வேணும்னேதான் மிதிச்சான். நான் சொன்னேன், கேக்கல." குனிந்து அவன் பாதத்தைப் பார்த்தான். "ஃபைனலுக்கு நீங்க எங்களோட இருக்கணும். செயலாளர்கிட்டயும் அப்பாகிட்டயும் நான் பேசுறேன்."

கோவிந்தராசு அவன் முகத்தைப் பார்த்தான். அதில் பொய் இல்லை. ஆனால் அப்பாவிடம் பேசுவது என்றால் என்ன என்று அந்தப் பையனுக்கு இன்னும் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

"வேணாம் தம்பி. நீங்க எனக்காகப் பேசி ஒங்க வூட்டுல சண்ட வேணாம். அந்தக் கோல் ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் கூட இருந்து பந்த கொடுத்திருக்கலாமேன்னு அப்ப நெனச்சேன். அது போதும்."

பந்தலில் மைக் தியாகராசன் பேரை இரண்டாம் முறை கூப்பிட்டது. போனான்.

மீனவ ஜனங்களை ரயிலேற்றிவிட எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். பிளாட்பாரக் குழாயில் நாகம்மாளே தண்ணீர் பிடித்து அவன் காலைக் கழுவி, தன் சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். யூனுஸ் கொண்டுவந்த டீயைக் குடித்துக்கொண்டே சிங்காரவேலு சொன்னான்:

"அண்ணே, படுத்திருக்கவன் எழுந்தாலும் ஒங்க எடம் ஒங்களுக்குத்தான். ஞாயித்துக்கெழம காலைல பாசஞ்சர் புடிச்சு வாங்க. அண்ணியையும் கூட்டியாங்க. அண்ணி தொண்டைக்கு நாங்க ஒரு கோல் கூடப் போடுவோம்."

செவ்வந்தி தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். நாகம்மாள் அவளை இழுத்து, நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

வீடு திரும்புகிற வழியில் கோவிந்தராசு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தான். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் வந்ததும் அவன், "இன்னொரு தரம் சொல்லேன்" என்றான்.

"எத?"

"அதான், அங்க சொன்னியே."

"சீ, போங்க. ஊரே கேட்டுச்சு. நாளைக்குத் தெருவுல தல காட்ட முடியாது."

"ஊரு கேட்டுச்சு. எனக்குத்தான் சரியாக் கேக்கல. கால் வலி."

அவள் முந்திக்கொண்டு வேகமாக நடந்தாள். அவன் நொண்டிக்கொண்டே பின்னால் சிரித்துக்கொண்டு வந்தான்.

மறுநாளே பெரிய பண்ணையிலிருந்து ஆள் வந்து, கோவிந்தராசு இனிமேல் களத்துப் பக்கம் வரவேண்டாம் என்றான். இருக்கிற மனையையும் காலி செய்யவேண்டியிருக்கும் என்று வாசலிலேயே நின்று சொன்னான். அதற்குள் வீரையன் நாலு பேரோடு வந்துவிட்டான். "மனையப் பத்தி சட்டம் வந்தாச்சு, போய்ச் சொல்லு. இவனுக்கு வேல இல்லன்னா எங்க யாருக்கும் வேல இல்ல. நாத்து விடுற அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றான். வந்தவன் சத்தமில்லாமல் திரும்பினான். ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றங்கால் உழவு தொடங்கியபோது பண்ணைக்கு ஆள் தேவைப்பட்டது. தெரு மொத்தமும் போனது. கோவிந்தராசுவும் அவர்களோடு போய் ஏர் பிடித்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் பனியன் மட்டும் திரும்பி வரவில்லை. கரைக்கூட்டம் அப்புறமும் ஊர் அணிக்குக் கத்தியது. விட முடியவில்லை அவர்களால். கோவிந்தராசுவும் சில நாள் அவர்களோடு கரையில் போய் நின்று தியாகராசனுக்குக் கைதட்டிவிட்டு வருவான்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த அரை இறுதிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் நாகப்பட்டினத்துக்குப் பாசஞ்சர் ஏறினார்கள். அவன் பாதத்தில் இன்னும் கட்டு இருந்தது. விளையாட முடியாது, பார்க்கத்தான் போகிறோம் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தான். திருவாரூர் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை வந்தது. செவ்வந்தி கடலைப் பார்த்ததில்லை.

மீனவர் குப்பத்தில் ஆட்டம் கடற்கரையிலேயே நடந்தது. பந்தல் இல்லை, பெஞ்சு இல்லை. ஆணும் பெண்ணும் மணலில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் நாகம்மாள் துண்டை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தாள். தமிழரசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இங்க யாரும் யாரையும் அமைதியா இருக்கச் சொல்ல மாட்டாங்க, நல்லாக் கத்து" என்றாள்.

செவ்வந்தி ஆட்டத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. திரும்பினால் பக்கத்தில் கோவிந்தராசுவைக் காணோம். எங்கே என்று தேடுவதற்குள் மணலில் ஒரு ஆரவாரம். நீலப் பனியன் ஒன்றைத் தலைவழியே மாட்டிக்கொண்டே, கால் கட்டை அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டு, அவன் இடது ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களாக்கா, சத்தியம் பண்ணிட்டு ஓடுறத!" என்று அவள் எழுந்து நின்றாள்.

"உடு தங்கச்சி. காலு இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு ஆறும்" என்றாள் நாகம்மாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தாள் செவ்வந்தி. அதற்குள் பந்து அவன் காலுக்கு வந்துவிட்டது. அவனுக்கு முன்னால் ஈர மணல் திறந்து கிடந்தது. அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அலை ஓரமாக அவனோடு சேர்ந்து தானும் ஓடத் தொடங்கினாள்.